ஐந்தால் பெருக்காத எண்

ஜூன் 4

அன்புள்ள தம்பிக்கு,

கைக்குள்ளே போனை வைத்துக்கொண்டு கடிதம் எழுதுகிறாளே என்று சிரிக்காதே. போன வாரம் போனில் சொன்னபோது சிரித்தாய். உன்னிடம் வாய்ப்பேச்சில் எதையாவது கேட்டால், பேசி முடிக்கும்போது எதற்குக் கூப்பிட்டேன் என்பதே எனக்கு மறந்துபோகும். அப்படி மடக்குவாய். அதனால் இந்த ஒரு விஷயத்தை எழுதித்தான் கேட்கிறேன். நீயும் எழுதித்தான் பதில் தர வேண்டும்.

வாலு என்று நாம் செல்லமாகக் கூப்பிடுகிற என் பெண்ணுக்கு முன்பற்கள் விழுந்து புதிதாக முளைத்திருக்கின்றன. எல்லாப் பிள்ளைகளுக்கும் போல வெள்ளையாக இல்லை. சுண்ணாம்பு தீற்றியதுபோல் குறுக்கே கோடு கோடாக இருக்கிறது. மேலே இரண்டு பல்லில் பழுப்புக் கறை. தேய்த்தால் போகவில்லை. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு "துருப்பல்" என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு நிமிஷம் வாய் ஓயாத பிள்ளை, இப்போது கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள்.

பல் டாக்டரிடம் கூட்டிப் போனேன். என்ன பேஸ்ட், எத்தனை மிட்டாய் என்று கேட்பார் என்று நினைத்தேன். அவர் வாயைத் திறந்து பார்த்ததுமே, "எந்தத் தண்ணி குடிக்கிறீங்க?" என்றார். எங்கள் தெருக் குழாய் என்றேன். பேனாவைக் கீழே வைத்தார். "அந்தத் தெருவிலேர்ந்து இது ஆறாவது பிள்ளைம்மா" என்றார்.

ஃப்ளோரைடாம். பேஸ்ட் டப்பாவில் பெரிய எழுத்தில் நல்லது என்று போட்டிருக்கிறதே என்று கேட்டேன். கொஞ்சம் இருந்தால் பல்லுக்குக் காவல், மிஞ்சினால் பல்லையே தின்னும், இன்னும் மிஞ்சினால் எலும்புக்குப் போகும் என்றார்.

எங்கள் குழாய்க்கு வருகிற அந்த ஏழாம் நம்பர் போர்வெல் தண்ணீரைப் பரிசோதித்தவன் நீ. ஆறு வருஷத்துக்கு முன்னால் தெருவே என்னிடம் வந்து கேட்டது. "உன் தம்பிதானே டெஸ்ட் பண்றான், நல்ல தண்ணியா?" என்றார்கள். நல்ல தண்ணீர் என்று நான்தான் சொன்னேன். முதல் குடத்தை நான்தான் பிடித்தேன். அப்போது வாலுவுக்கு ஒன்றரை வயது.

அந்த எண் என்ன? அதை மட்டும் எழுது. சின்னவனுக்கு ஐந்து மாதம். எனக்குப் பால் போதாமல் பவுடர்ப் பால்தான் கொடுக்கிறேன் என்று உனக்குத் தெரியும். அதை அந்தத் தண்ணீரில்தான் கலக்குகிறேன்.

அக்கா


ஜூன் 11

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. பார்சல் ஆபீஸில் வேலை பார்த்துப் பார்த்து உனக்கு எல்லாவற்றுக்கும் ரசீது வேண்டியிருக்கிறது! சரி, இதோ எழுத்தில்.

எண் 0.9. லிட்டருக்கு 0.9 மில்லிகிராம். ஒன்றரை வரைக்கும் குடிக்கலாம் என்பது விதி. அதற்கு ரொம்பக் கீழே இருக்கிறது. சொல்லப்போனால் பல்லுக்குக் காவல் என்று உன் டாக்டர் சொன்னாரே, அந்த அளவு. உன் தெரு என்பதால் நானே மாதிரி எடுத்து, நானே பார்த்து, பதிவேட்டில் நானே எழுதினேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

பல் டாக்டர்களுக்குத் தண்ணீர்மேல் பழி போடுவது சுலபம். வாலு பேஸ்டைத் துப்பியிருக்க மாட்டாள், தின்றிருப்பாள். அவள் தின்னாத பொருள் எது? என் பேனா மூடியையே பாதி தின்றவள். இந்தக் கோடெல்லாம் வளர வளர மங்கிவிடும்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். சின்னவனை நினைத்துப் பயமாக இருந்தால் தண்ணீரை நன்றாகக் காய்ச்சு. கொதி வந்ததும் இறக்காமல் கால் மணி நேரம் விடு. மனதுக்கும் நிம்மதி, வயிற்றுக்கும் நல்லது. அத்தானைக் கேட்டதாகச் சொல். நீ தூங்கு.

தம்பி


ஜூன் 19

தம்பிக்கு,

தூங்கு என்று எழுதிவிட்டாய். நான் எங்கே தூங்க?

வாலுவுக்கு ஐந்து வயது வரை பேஸ்டே கிடையாது. வெறும் பல்பொடிதான். அதனால் பேஸ்ட் கதையை என்னிடம் விடாதே. அந்த ஆறு பிள்ளைகளும் ஒன்றுசேர்ந்தா பேஸ்ட் தின்றார்கள்?

நீ சொன்னபடி காய்ச்சுகிறேன். கால் மணி என்றாய், நான் அரை மணி விடுகிறேன். பாத்திரத்தில் முக்கால் வரை ஊற்றினால் பாதிக்கும் கீழே வற்றும்வரை இறக்குவதில்லை. அந்த வற்றிய தண்ணீரில்தான் சின்னவனுக்குப் பால். பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறது. கரண்டியால் சுரண்டினால் செதில் செதிலாக வருகிறது. கெட்டதெல்லாம் அடியில் தங்கிவிடுகிறது என்று மனதைத் தேற்றிக்கொள்கிறேன். சரிதானே?

வாலு இப்போது முழங்கால் வலிக்கிறது என்கிறாள். விளையாட்டு வாத்தியார், "உட்கார்ந்து எழுந்திரிக்கச் சிரமப்படுறா, கவனிங்க" என்று நோட்டில் எழுதி அனுப்பியிருக்கிறார். வளருகிற வலி என்று உன் அத்தான் சொல்கிறார். இருக்கலாம். ஆனால் இப்போது தெருவில் யார் இடுப்பைப் பிடித்தாலும் எனக்குப் பகீர் என்கிறது. அடுத்த வீட்டுத் தையல்காரம்மாவுக்குக் கழுத்துத் திரும்புவதில்லை. நாள் முழுக்க மிஷின்மேல் குனிந்தால் அப்படித்தான் இருக்கும் என்று இத்தனை நாள் நினைத்தேன். இப்போது அவர்கள் கழுத்தைப் பார்க்கவே பயமாக இருக்கிறது. யார் யார் எத்தனை டம்ளர் குடிக்கிறார்கள் என்று கண் தானாக எண்ணுகிறது.

குடிநீர் ஆபீசுக்குப் போனேன். அங்கே இருந்த கிளார்க் பதிவேட்டைத் திருப்பிக் காட்டி, "0.9 போட்டிருக்கு. உங்க தம்பி கையெழுத்துதாங்க" என்றார். என் தம்பி கையெழுத்தைக் காட்டி என்னையே வாயடைக்கிறார்கள்.

ஒரு பாட்டில் தண்ணீர் அனுப்புகிறேன். நீ அப்போது செய்தபடியே செய்தேன். கண்ணாடி வேண்டாம் என்று பிளாஸ்டிக் பாட்டில், அதே தண்ணீரால் மூன்று தரம் அலசி, விளிம்பு வரை நிரப்பி மூடினேன். நானே பார்சல் கட்டினேன். உன் கையால் பார்த்து எழுது. 0.9 என்று இன்னொரு தடவை நீ எழுதினால் உன் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறேன், போதுமா?

அக்கா


ஜூலை 2

அக்கா,

பாட்டில் வந்தது. முடிவு எழுத இன்னும் சில நாள் ஆகும்.

காய்ச்சாதே. இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் அடுப்பில் இருப்பதைச் சாக்கடையில் கொட்டு. சின்னவனுக்கு அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டுக்கூட வேண்டாம். கேன் தண்ணீர் வாங்கு. வாலுவுக்கும் அதுதான். சமையலுக்கும் அதுதான்.

ஏன் என்று இப்போது கேட்காதே.

தம்பி


ஜூலை 6

தம்பிக்கு,

கேட்காதே என்றால் கேட்காமல் இருக்க நான் என்ன மரமா?

நாலைந்து வரிதான் எழுதியிருக்கிறாய். சிரிப்பு இல்லை, கேலி இல்லை. அத்தானைக் கேட்டதாகக்கூட எழுதவில்லை. உன்னைத் தூக்கி வளர்த்தவள் நான். நீ எப்போது வாயை மூடிக்கொள்வாய் என்று எனக்குத் தெரியும். கடிதத்தைப் படித்தபோது பால் புட்டி கையில் இருந்தது. அவன் பாதி குடித்திருந்தான். வாயிலிருந்து பிடுங்கினேன். வீல் என்று அழுதான். விஷயம் புரியாமல் வாலு என்னை அடித்தாள், தம்பிப் பாப்பாவை அழ வைத்துவிட்டேனாம்.

கேன் வாங்குகிறேன். எப்படி வாங்குகிறேன் தெரியுமா? கேன்காரரைப் பின்வாசல் வழியாக வரச் சொல்கிறேன். கேன்மேல் பழைய போர்வையைப் போட்டு மூடி வைக்கிறேன். முன்வாசலில் அதே நேரம் தெருவே குழாயில் வரிசை நிற்கிறது. எதிர்வீட்டு பஸ் டிரைவர் சம்சாரம் ஏழு மாதக் கர்ப்பிணி. இடுப்பில் குடத்தை வைத்துக்கொண்டு, "என்னக்கா, ரெண்டு நாளா உங்களைக் குழாய்ப் பக்கமே காணோமே?" என்று கேட்கிறாள். இடுப்பு வலி என்று பொய் சொன்னேன். வாய் கூசவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயம்.

என் பிள்ளைகளை மட்டும் ஒளித்து வைத்துக்கொண்டு இவர்களைக் குடிக்க விடுகிறேன். எத்தனை நாள் இப்படி? எண்ணை எழுது. எதுவானாலும் எழுது.

அக்கா


ஜூலை 10

அக்கா,

4.6. மூன்று முறை பார்த்தேன். நான்கரைக்குக் கீழே ஒரு முறைகூட இறங்கவில்லை.

எப்படி நடந்தது என்று சொல்கிறேன். நான் அப்போது வேலை பார்த்த பழைய லேபில் இருந்த கருவியில் ஒரு சிவப்பு மருந்தைத் தண்ணீரில் ஊற்றிப் பார்ப்போம். ஃப்ளோரைடு கூடக் கூடச் சிவப்பு வெளுக்கும். எவ்வளவு வெளுத்தது என்பதை வைத்துக் கருவி எண் சொல்லும். இரண்டுக்கு மேல் போனால் அதற்குச் சொல்லத் தெரியாது. அப்போது ஒரு பங்கு தண்ணீருக்கு நான்கு பங்கு சுத்தத் தண்ணீர் கலந்து பார்ப்போம். வருகிற எண்ணை ஐந்தால் பெருக்க வேண்டும். தினக் குறிப்பில் கருவி காட்டிய எண்ணை அப்படியே எழுதி, பக்கத்தில் சிவப்புப் பேனாவில் ஒரு வட்டம் போடுவது எங்கள் லேப் வழக்கம். சனிக்கிழமை பெரிய பதிவேட்டில் ஏற்றும்போது சிவப்பு வட்டம் இருப்பதை மட்டும் பெருக்கி எழுதுவோம்.

அன்று சிவப்புப் பேனா எழுதவில்லை. பென்சிலில் வட்டம் போட்டேன். சனிக்கிழமை பென்சில் என் கண்ணில் படவில்லை. 0.9ஐ 0.9 என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லிப் பழைய லேபில் வேலை செய்யும் பெண்ணிடம் கேட்டேன். அனுப்பினாள். பென்சில் வட்டம் அப்படியே இருக்கிறது. கூட ஒரு வார்த்தைகூட எழுதவில்லை அவள். அதற்கும் காரணம் உண்டு. மூன்று வருஷத்துக்கு முன்னால், நான் மாற்றலாகி வருவதற்கு முந்தின வாரம், அவள் என்னிடம் வந்து, "சார், ஏழாம் நம்பர் அளவைத் தாண்டிப் போகுது" என்றாள். "குழாயைக் கழுவிட்டு மறுபடி பாரு, அது 0.9 தான்" என்றேன். மறுபடி பார்த்தாளா என்று நான் கேட்கவே இல்லை. பெட்டி கட்டுகிற அவசரத்தில் இருந்தேன் என்று இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

பேனாமேல் பழி போட்டு என்ன பயன்? புதுக் குழாய்க்கு மூன்று மாதிரி எடுக்க வேண்டும் என்பது விதி. ஒன்றுதான் எடுத்தேன். இரண்டு தெரு தள்ளிப் போய், வாலுவை ஒரு இடுப்பிலும் குடத்தை ஒரு இடுப்பிலும் வைத்துக்கொண்டு நீ நடந்து வந்ததைப் பார்த்திருக்கிறேன். உனக்கு அந்தக் குழாய் சீக்கிரம் வர வேண்டும் என்று எனக்கு ஆசை. 0.9 வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன், 0.9 வந்ததும் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொண்டேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை எழுதக் கை வரவில்லை. காய்ச்சினால் ஃப்ளோரைடு போகாது அக்கா. தண்ணீர்தான் ஆவியாகும், அது அப்படியே தங்கும். பாதிக்கு வற்றினால் அளவு இரண்டு பங்கு. பாத்திரத்தின் அடியில் நீ பார்த்தது வெறும் உப்புப் படிவு. இது கெமிஸ்ட்ரி படித்தவன் எவனுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். 0.9 என்று நம்பியதால் உன் வாயை அடைக்க அப்போது எது தோன்றியதோ அதை எழுதினேன். அதை நீ அரை மணி நேரமாக்கிச் செய்தாய்.

மேலதிகாரிக்கு நான் எழுத வேண்டும். எழுதுகிறேன். எப்படி எழுதுவது என்று யோசிக்கப் பத்து நாள் கொடு. முறையாகப் போனால் குழாயை மூடி வேறு தண்ணீர் ஏற்பாடு செய்துவிடலாம், என் வேலையும் ஒருவேளை தப்பும். அதுவரை தெருவில் யாரிடமும் சொல்லாதே. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

தம்பி


ஜூலை 15

தம்பிக்கு,

நீ பத்து நாள் கேட்டாய். என்னால் ஒரு காலைப்பொழுது பொறுக்க முடியவில்லை.

உன் கடிதம் வந்த மறுநாள் குழாயடிக்குப் போனேன். டிரைவர் சம்சாரம் குடம் நிரம்பும்வரை காத்திருக்கும்போது கையில் ஏந்தி ஒரு வாய் குடித்தாள். அவ்வளவுதான். குழாயை மூடிவிட்டு அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றுவிட்டேன். "யாரும் பிடிக்காதீங்க. இந்தத் தண்ணி நல்லதில்ல" என்றேன்.

முதலில் சிரித்தார்கள். அப்புறம் பின்வாசல் கேனைப் பற்றிச் சொன்னேன். சிரிப்பு நின்றது. தையல்காரம்மா கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு என் பக்கம் திரும்பி, "உன் தம்பி சொன்னான்னு நீ சொன்னே. நீ சொன்னேன்னு நாங்க குடிச்சோம். இப்ப யாரைக் கேக்கிறது?" என்றார்கள். சத்தம் போட்டிருந்தால் பரவாயில்லை. சும்மா கேட்டார்கள்.

"ஆதாரம் என்ன?" என்று டிரைவர் கேட்டார். பதிவேட்டில் 0.9 என்றுதானே இருக்கிறது? என்னிடம் உன் கடிதம்தான் இருந்தது. எல்லோர் முன்னாலும் படித்தேன். பென்சில் வட்டத்தைப் படித்தேன், காய்ச்சியதைப் படித்தேன். யாரிடமும் சொல்லாதே என்று நீ கெஞ்சிய இடம் வந்தபோது நிறுத்தலாம் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. அதையும் படித்தேன்.

அன்றைக்கே இருபது பேர் குடிநீர் ஆபீசுக்குப் போனோம். உன் கடிதத்தைப் பிரதி எடுத்துக்கொண்டு என்ஜினீயர் மூலத்தைத் திருப்பித் தந்தார். மாலைக்குள் குழாய்க்குச் சீல் வைத்தார்கள். இப்போது லாரியில் தண்ணீர் வருகிறது.

உன்னைக் காட்டிக் கொடுத்துவிட்டேன். காட்டிக் கொடுக்காமல் இருந்திருந்தால் அவள் வயிற்றுப் பிள்ளையைப் பார்க்க எனக்கு முகம் இருந்திருக்காது. இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடிந்தது. உன்மேல் கோபம் ஆறவில்லை. வாலுவை எக்ஸ்ரேக்குக் கூட்டிப் போகிறேன். பதில் எழுத வேண்டுமா வேண்டாமா என்பது உன் இஷ்டம்.

அக்கா


ஜூலை 24

அக்கா,

இரண்டு நாள் உன்மேல் கொலைவெறியில் இருந்தேன். பொய் சொல்வானேன்?

என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. கூடவே என் கடிதத்தின் பிரதி. என் கையெழுத்தையே எனக்கு எதிராக வைத்திருந்தார்கள். படித்துக்கொண்டே வந்தேன். "என் வேலையும் ஒருவேளை தப்பும்" என்ற வரி வந்ததும் காகிதத்தை மடித்து வைத்துவிட்டேன். குழாயைப் பற்றி எழுதிய அதே மூச்சில் என் வேலையைப் பற்றியும் எழுதியிருக்கிறேன். இதை எழுதியவனை எனக்குப் பிடிக்கவில்லை. கோபம் அப்போது போயிற்று.

விளக்கத்தில் எதையும் மறைக்கவில்லை. அந்தப் பெண் என்னை எச்சரித்ததையும் எழுதினேன், அவளுக்குக் கெடுதல் வராமல் இருக்க. அதோடு நிற்கவில்லை. என் காலத்துத் தினக் குறிப்புகள் எல்லாவற்றையும் பென்சில் வட்டத்துக்காகத் தேட அனுமதி கேட்டேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, மூன்று நாள் பக்கம் பக்கமாகத் திருப்பினேன். இன்னும் இரண்டு வட்டம் கிடைத்தது. ஒன்று யாரும் இல்லாத மேட்டுநிலப் போர். இன்னொன்று ஒரு பள்ளிக்கூடத்தின் குழாய்.

அன்றைக்கே மூட வைத்தோம். ஆனால் நாலு வருஷமாக எத்தனை பிள்ளைகள் இடைவேளைக்கு மணி அடித்ததும் ஓடிப் போய் அதில் வாய் வைத்திருக்கும்? தண்ணீர் டம்ளரை எடுத்தால், குடிக்காமலே திருப்பி வைத்துவிடுகிறேன் அக்கா.

எக்ஸ்ரேயில் என்ன தெரிந்தது? திட்டி எழுது, ஆனால் எழுது.

தம்பி


ஆகஸ்ட் 5

தம்பிக்கு,

வாலுவுக்கு எலும்பில் ஒன்றும் தெரியவில்லை. "இப்போதைக்கு" என்றார் டாக்டர். தண்ணீர் மாறிவிட்டது, இனி ஏறாது, பாலும் முட்டையும் நிறையக் கொடுங்கள், வருஷத்துக்கு ஒரு முறை பார்ப்போம் என்றார். முழங்கால் வலி அதனால்தானா, வளருகிற வலியா என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. பல்லில் விழுந்த கோடு போகாது. பெரியவளானதும் மேலே பூசி மறைக்கலாமாம். வாலு கண்ணாடி முன்னால் நின்று, "இது யார் தப்பும்மா?" என்று கேட்டாள். உன் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. "பெரியவங்க தப்பு" என்றேன். "நீயும் பெரியவதானே?" என்றாள்.

தையல்காரம்மாவுக்குக் கழுத்து எலும்பு கெட்டியாகிவிட்டது என்கிறார்கள். தண்ணீர் பாதி, மிஷின் பாதி என்று அவர்களே சொல்லிக்கொள்கிறார்கள். என் துணியைத் தைத்துக் கொடுத்தார்கள், பேசவில்லை. டிரைவர் சம்சாரம் பேசுகிறாள். பேசும்போதெல்லாம் வயிற்றைத் தடவிக்கொண்டே, "ஒண்ணும் ஆகாதுல்லக்கா?" என்று என்னிடம் கேட்கிறாள். என்னிடம்! இந்தத் தெருவில் இன்னும் என் வாய்ச்சொல்லை நம்புகிற ஒருத்தி. எனக்குத் தெரியாதும்மா, டாக்டரைக் கேள் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

இன்று காலை சின்னவனுக்குக் கீழ் ஈறில் முதல் பல் எட்டிப் பார்த்தது. அரிசி நுனி அளவு இருக்கும். வாலுதான் முதலில் பார்த்தாள். "அம்மா, வெள்ளைப் பல்! வெள்ளைப் பல்!" என்று வீடே அதிரக் கத்தினாள். உன் அத்தான் சட்டை பட்டனைக்கூடப் போடாமல் ஓடி வந்து பார்த்துவிட்டு, கண் கலங்கி என்னைக் கூப்பிட்டார். நான் அடுப்படியை விட்டு நகரவில்லை. இது பால் பல். இதில் கறை எதுவும் தெரியாது என்று டாக்டர் முன்பே சொல்லியிருக்கிறார். இதன் அடியில், ஈறுக்குள்ளே இப்போது உருவாகிக்கொண்டிருக்கிற பல்லில்தான் தெரியும். நான் வற்ற வற்றக் காய்ச்சிக் கொடுத்த தண்ணீர் அதில்தான் இருக்கும். அது வெளியே வர ஏழு வருஷம் ஆகும்.

அவர்கள் இருவரும் அங்கே சந்தோஷப்படட்டும் என்று விட்டுவிட்டேன். அவர்களிடம் இதை நான் சொல்லவில்லை. இந்த வீட்டில், இந்தத் தெருவில், எனக்கு மட்டும்தான் தெரியும். உனக்கும் தெரியும்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத மாட்டேன். ஆனால் ஒவ்வொரு நாளும் அந்தப் பிள்ளை சிரிக்கும்போது வாய்க்குள்ளே பார்த்துப் பயந்துகொண்டு, ஏழு வருஷத்தை என்னால் தனியாகக் கழிக்க முடியாது. பெட்டியைக் கட்டிக்கொண்டு வா. வந்து என்னோடு உட்கார்ந்து பயப்படு.

அக்கா